மதியம் சாப்பிட்டதும் ஏன் கண் சொக்குகிறது?

"வயிறாரத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் மூன்று மணிக்கெல்லாம் சோர்ந்துவிடுகிறேன், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சோறு குவியலாக, மேலே சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். புரதத்துக்குத்தான் சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். கரண்டியில் வருவது பெரும்பாலும் புளித்தண்ணீர்தான். மாவுச்சத்து மட்டும் மொத்தமாக உள்ளே போனால் ரத்தச் சர்க்கரை சட்டென ஏறும், அப்புறம் இறங்கும். அசதிக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது! அதனால் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன், முட்டை என்று ஏதாவது வையுங்கள். இன்னொரு பங்கு காய்க்கு.

கீரை சாப்பிட்டால் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவே தடைபடும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பெண்கள் இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம்.

சில வாரங்களில் மாற்றம் தெரியவில்லையா? ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.