எத்தனை கிலோ தூக்கலாம்? தசை நோயும் உடற்பயிற்சியும்: கேள்வி பதில்

கேள்வி: லிம்ப்-கர்டில் தசைச்சிதைவு (இடுப்பு, தோள் தசைகள் நலியும் நோய்), வயது 34. நடக்கிறேன், படியேறக் கைப்பிடி வேண்டும். எடை தூக்கலாமா?

பதில்: தூக்கலாம், ஆனால் எல்லாத் தசைக்கும் ஒரே எடை கிடையாது. தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம். புவியீர்ப்பை எதிர்த்து முழு தூரமும் அசைக்க முடிந்தால் அது 3. அதற்குக் கீழே உள்ள தசைக்கு எடையே வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, வழுக்கும் பலகை மேல் காலை மடக்கி நீட்டினால் போதும். 3-க்கு மேல் இருந்தால் அரைக் கிலோவில் தொடங்குங்கள். 12 முறை முடித்த பிறகும் இன்னும் மூன்று நான்கு முறை செய்யத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடை அதிகம். 2 சுற்று, நடுவே 2 நிமிட ஓய்வு. வாரம் 2 நாள்; அதே தசைக்கு மறுபடி வேலை கொடுக்க 48 மணி நேரம் விடுங்கள்.

அளவு சரியா என்பதைப் பயிற்சிக்குப் பிந்தைய நேரம்தான் சொல்லும். முடித்து 30 நிமிடத்துக்குப் பிறகும் தொடங்கியபோது இருந்ததைவிடத் தளர்ச்சியா? 24 முதல் 48 மணி நேரம் கழித்துக் கடும் வலியா? அப்படியானால் செய்தது அதிகம்; அடுத்த முறை குறைக்க வேண்டும். லிம்ப்-கர்டிலில் சில வகைகள் இதயத்தையும் பிடிக்கும். அதனால் ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் குடித்தால் தசை திரும்புமா?

பதில்: திரும்பாது.

கேள்வி: பையனுக்கு 8 வயது, டூஷென் (சிறுவயதிலேயே தசை நலியும் பரம்பரை நோய்). பள்ளியில் தோப்புக்கரணமும் குதிப்பதும் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டையும் நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். தசைநாரின் உட்கூட்டை அதன் உறையோடு பிடித்து வைப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். டூஷெனில் அது இல்லை. தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது உறை கிழிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, நார் சாகிறது. குந்தி இறங்குவது, குதித்துத் தரையில் விழுவது, சரிவில் இறங்குவது, டிராம்போலின் எல்லாம் இந்த வகைதான். நீச்சலும் சமதளத்தில் சைக்கிளும் நல்லது. களைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். தினமும் கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள்: முட்டி நேராக இருக்க, குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேலே மடக்கி 30 விநாடி. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு எலும்பும் மெலிந்திருக்கும், கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம் பயிற்சியாளர் நான். எடையை மெல்ல இறக்கும் கட்டம்தான் தசையை வளர்க்கும். அதை விட்டால் அது பயிற்சியே இல்லை.

பதில்: நல்ல தசைக்கு அந்தக் கட்டமும் உதவும். சின்னச் சேதம் வந்தாலும் அது பழுதுபார்த்துக்கொள்ளும். டூஷெனில் கொத்தனாருக்கு ஏற்கெனவே ஓயாத வேலை. நீங்கள் போய் இன்னொரு சுவரை இடிக்கிறீர்கள். செத்த நாரின் இடத்தில் கொழுப்பும் தழும்பும்தான் வரும்.

கேள்வி: அப்படியானால் நாற்காலியில் உட்காரும்போதும் தசை பாரத்தோடு நீள்கிறதே, அதுவும் அதுதானே? உட்காராமல் இருப்பதா?

பதில்: அதுவும் அதுதான், நல்ல கேள்வி. உட்காரட்டும், ஆனால் இருக்கை உயரமாக இருக்கட்டும், கைப்பிடியும் இருக்கட்டும். லிப்ட் இருந்தால் இறங்குவதற்கு அது. அன்றாட வேலையைத் தடுக்க முடியாது. அதற்கு மேல் பத்துச் சுற்று சேர்க்காமல் இருக்கலாம்.

கேள்வி: மறுபடி நான், ஜிம் பயிற்சியாளர். என்னிடம் வருபவர் ஆறு மாதமாக ஸ்குவாட் செய்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

பதில்: அவருக்கு என்ன நோய்?

கேள்வி: எப்.எஸ்.எச்.டி., முகமும் தோளும் நலியும் தசைச்சிதைவு.

பதில்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அதில் டிஸ்ட்ரோபின் இருக்கிறது. மிதமான எடையை அந்தத் தசை தாங்கும். அவருக்குக் கவனிக்க வேண்டிய இடம் தோள்பட்டை. தோள்பலகை நிலையாக நிற்காதபோது தலைக்கு மேல் எடை தூக்கவைத்தால் வலிதான் மிஞ்சும். எல்லாருக்கும் சொல்கிறேன், 'தசை நோய்' என்று ஒரு நோய் கிடையாது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மயஸ்தீனியா, நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத நோய். காலையில் தெம்பு, மாலையில் இமை தொங்குகிறது. எப்போது செய்வது?

பதில்: காலையில், பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. குளிர்ச்சியான அறையில், வெப்பம் தளர்ச்சியைக் கூட்டும். இமை தொங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சு குழறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். பயிற்சிக்காக மாத்திரையை நீங்களாகக் கூட்டக் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருக்கும் நாட்களில் பயிற்சி இல்லை, உடனே மருத்துவமனை.

கேள்வி: தசை நோய்க்கு எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?

பதில்: மேலே பாருங்கள். நோயின் பெயரையும் காணோம்.

கேள்வி: சார்கோ-மேரி-டூத், கை கால் நரம்புகள் நலியும் பரம்பரை நோய். பாதம் தொங்குகிறது. கணுக்காலில் எடை கட்டித் தூக்கலாமா?

பதில்: அங்கே நரம்பே நலிந்துவிட்டது, எடை கட்டினால் பாதம் எழாது. பாதத்துக்கு ஸ்ப்ளின்ட் (தாங்கு பட்டை), பயிற்சி இடுப்புக்கு. தொடையை உயர்த்தும் தசைக்கு வலு வந்தால் நடைக்கு உதவலாம். உணர்ச்சி குறைவு என்பதால் ஸ்ப்ளின்டைக் கழற்றியதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

கேள்வி: மெக்கார்டில். ஐந்து நிமிடம் நடந்தாலே கால் இறுகுகிறது.

பதில்: தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனை உங்கள் உடலால் உடைக்க முடியாது. ரத்தத்திலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் வந்து சேரக் கிட்டத்தட்ட 10 நிமிடம் ஆகும். அதுவரை மிக மெல்ல நடங்கள், இறுகினால் நில்லுங்கள்; பிறகு நடை சட்டென்று இலகுவாகும். கனமான எடையும் பிளாங்க்கும் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை அசையாமல் தாங்குவது) வேண்டாம். சிறுநீர் கறுத்துப் போனால் காத்திருக்காதீர்கள்: தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: படுத்தால் மூச்சு வாங்குகிறது. நீச்சல் போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் தளர்ந்திருக்கலாம். மார்பளவு நீரின் அழுத்தமே மூச்சுக்குச் சுமை. உட்கார்ந்தும் படுத்தும் நுரையீரல் கொள்ளளவைச் சோதித்துவிட்டு நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கேள்வி: பொதுவாக எத்தனை கிலோ தூக்கலாம்?

பதில்: நோயின் பெயர்?