பிரதமர்கள் வந்த கதையைவிட, போன கதையைச் சொல்லுங்கள்

ஒன்பது வயது மகனுக்கு மத்திய அரசைப் பற்றியும் பழைய பிரதமர்களைப் பற்றியும் எப்படிச் சொல்லித் தருவது, பெயர்ப் பட்டியலைப் படிக்க வைத்தால் இரண்டே நாளில் மறந்துவிடுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகளும் அந்த வயதில் அப்படித்தான். நேருவில் தொடங்கி வரிசையாக ஒப்பிப்பாள். குல்சாரிலால் நந்தா வரும் இடத்தில் மட்டும் தடுமாறுவாள். 1964இல் ஒரு தடவை, 1966இல் ஒரு தடவை என்று அவர் இரண்டு முறை வருவார். "ஏம்ப்பா இவர் ரெண்டு தடவையும் பதிமூணே நாள்ல போயிட்டார்?" என்று கேட்டாள். எனக்கு வழி காட்டியது அந்தக் கேள்விதான்.

நேரு பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார், பிறகு சாஸ்திரியும் அப்படியே இறந்தார், நாடு ஒரு நாள்கூடப் பிரதமர் இல்லாமல் இருக்கக் கூடாது, அதனால் மூத்த அமைச்சர் அந்த நாற்காலியில் இருந்து அரசைப் பார்த்துக்கொண்டார், ஆளும் கட்சி எம்.பி.க்கள் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் இறங்கிவிட்டார் என்று சொன்னேன். அந்த இரண்டு முறையும் புதியவரைத் தேர்ந்தெடுக்க முன்னின்று வேலை செய்தவர், காங்கிரஸ் தலைவராக இருந்த நம் காமராஜர். பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தலைவரையும் அவர் பதவியிலிருந்து எப்படி இறங்கினார் என்பதிலிருந்தே சொல்ல ஆரம்பித்தேன்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். சென்னைக்கு ரயிலில் போகும்போது அரியலூருக்குச் சற்று முன்னால் மருதையாறு வரும். 1956 நவம்பரில் கடும் மழை வெள்ளத்தில் அங்கே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்துக்காக ஏற்கெனவே ராஜினாமா செய்ய முன்வந்து, நேரு ஏற்காமல் விட்டிருந்தார். அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார்.

ஆற்றைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் காட்டி இதைச் சொன்னேன். "அவரா ரயில் ஓட்டினார்? அவர் ஏன் போகணும்?" என்றாள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். விருத்தாசலம் வரை அவளே யோசித்து, "கிளாஸ் லீடர் மாதிரியா?" என்றாள். ஆமாம், தன் பொறுப்பில் இருக்கும் துறையில் நடந்ததற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அப்படிப் போனவர்தான் எட்டு ஆண்டு கழித்துப் பிரதமர் ஆனார் என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டுக்கொண்டார். என் அம்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாட்டி சொல்லக் கேட்ட பிறகு என் மகளுக்கு சாஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்துபோன மனிதர் மாதிரி ஆகிவிட்டார்.

அப்புறம் நாடாளுமன்றம். இதற்குப் புளியங்கொட்டை போதும். மக்களவைக்கு 543 இடங்கள், 543 கொட்டைகள். எண்ணுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1 என்று சுண்ணாம்பு தடவிப் பிரித்து வைத்தோம். பாதிக்கு மேல் வேண்டுமென்றால் 272. இந்தக் குவியல் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் பிரதமர்.

குவியல் தயாரானதும் 1999 ஏப்ரல் 17ஐ நடத்திக் காட்டினேன். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரு கொட்டைதான் வித்தியாசம். "ஒண்ணுலயா?" என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். தோற்றவர் ராஜினாமா செய்து, தேர்தல் முடியும்வரை காபந்துப் பிரதமராக இருந்தார், அதே ஆண்டு ஜெயித்துத் திரும்பி வந்தார் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கசப்பான பகுதியையும் மறைக்காதீர்கள். 1975 ஜூனில் இந்திரா காந்தி அரசு நெருக்கடி நிலை கொண்டு வந்தது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், அரசு பார்த்து விட்ட செய்திதான் பத்திரிகையில் வந்தது என்று அந்த வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். 1977 தேர்தலில் இந்திரா தன் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றுப் பதவி விலகினார், 1980இல் மக்கள் அவரையே மறுபடி கொண்டு வந்தார்கள். நல்லவரா கெட்டவரா என்று பிள்ளை கேட்கும். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வங்கதேசப் போர் நடந்த 1971ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

பெற்றோரிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்பேன். உங்கள் கட்சிக் கோபத்தை இந்தக் கதைகளுக்குள் கொண்டுவராதீர்கள். எனக்கும் கட்சி உண்டு, நாக்கைக் கட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் குரலை உயர்த்திய நாட்களில் அவள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

டெல்லி போனால், நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி வளாகத்தில் 2022இல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகத்தைக் காட்டலாம். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் அடுத்தது மாநிலங்களவை. அதில் தமிழ்நாட்டின் 18 பேரை நம் 234 எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ.க்களுக்குப் புளியங்கொட்டை வேண்டாம், குண்டுமணி வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.