புளி வேண்டாம்

அன்புள்ள ஐயா,

லண்டனிலிருந்து வந்த மருமகன் ஒரு பழைய காசு கொண்டுவந்தார். கிரேக்கத்தின் கியோஸ் தீவுக் காசாம், வெண்கலம். ஒரு பக்கம் சிறகு வைத்த சிங்கம் மாதிரி ஏதோ, மறுபக்கம் கூர்முனை ஜாடி. முழுக்கப் பச்சை. புளி போட்டுத் தேய்க்கலாமா? வெள்ளியில் அவ்வளவு அழகாக அடித்தவர்கள் ஏன் வெண்கலத்துக்கு இறங்கினார்கள்? வறுமையா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் புளியைக் கீழே வையுங்கள். வழவழப்பான அந்தப் பச்சையில்தான் உருவமே நிற்கிறது. அதைத் தேய்த்தால் சிங்கமும் போய்விடும். வெளிர்ப்பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள்; அது ஈரம் பட்டால் உலோகத்தைத் தின்னும் களிம்பு. காசை உலர்ந்த இடத்தில் வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அது சிங்கமில்லை, ஸ்பிங்ஸ்: சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட கற்பனை விலங்கு. எகிப்தில் பெரும்பாலும் சிறகில்லாமல் படுத்திருக்கும். கிரேக்கர்களிடம் பெண்முகமும் சிறகுமாக உட்கார்ந்திருக்கும். ஜாடி ஒயின் ஜாடி. கியோஸ் ஒயினுக்கு அக்காலத்தில் பெரிய பெயர்.

வறுமை என்று சொல்ல மாட்டேன், சில்லறைத் தொல்லை. ஏதென்ஸ் எடையில் ஒபோல் என்ற சின்ன வெள்ளிக்காசே சுமார் 0.7 கிராம்தான். அதில் பாதி, கால் என்றால் மீன் செதில்தான். கீழே விழுந்தால் தேட முடியாது. வாயில் அடக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் உண்டு. அதனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பல நகரங்கள் வெண்கலத்துக்கு மாறின.

ஆனால் வெள்ளிக்காசுக்கு மதிப்பு அதன் வெள்ளியில். வெண்கலக்காசுக்கோ, செல்லும் என்று ஊர் சொல்வதுதான் மதிப்பு. கடல் தாண்டினால் அந்தச் சொல் பெரும்பாலும் எடுபடாது. ஊரே சொல்லை மாற்றிக்கொண்டாலும் கதை முடிந்தது. ஏதென்ஸில் இது நடந்ததை அவ்வூர் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் நாடகமொன்றில் கிண்டலடிக்கிறார்: திராட்சை விற்ற ஒருவன் வாய் நிறைய செப்புக்காசோடு மாவு வாங்கப் போகிறான். பையை நீட்டும் நேரத்தில், இனி வெள்ளி மட்டுமே செல்லும் என்று கூவுகிறார்கள்! (பணமதிப்பு நீக்கம் நமக்குப் புதிது என்று நினைத்திருந்தேன்.)

ரோமானியர் காலத்திலும் கியோஸ் பேரரசரின் தலையைப் போடாமல் தன் ஸ்பிங்ஸையே வெண்கலத்தில் அடித்தது. கூடவே ஒபோலோஸ் (அதே ஒபோல்தான்), அசாரியோன், மூன்று அசாரியா (அசாரியோனின் பன்மை) என்று மதிப்பையும் எழுதிவைத்தது. முதலாவது கிரேக்கக் கணக்கு, மற்றவை ரோமானியக் கணக்கு.

உங்கள் காசில் ஜாடியைச் சுற்றி எழுத்து தெரிகிறதா? ஊர்ப்பெயரும் ஒரு அதிகாரியின் பெயரும் மட்டும் இருந்தால் ரோமானியருக்கு முந்தையதாக இருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.