ஒலி வெறுப்பு மதிப்பெண் கூடியதற்காகக் கருவியைத் திருப்ப வேண்டாம்

வணக்கம் ஐயா. இரண்டு மாதமாகக் காது கேட்கும் கருவி அணியும் உங்கள் தந்தையாரின் ஏ.பி.எச்.ஏ.பி. வினாத்தாளில் (கருவியால் எவ்வளவு பயன் என்று அளக்கும் படிவம்) மூன்று பிரிவுகள் முன்னேறியும், உரத்த ஓசைகள் எவ்வளவு தொந்தரவு தருகின்றன என்று கேட்கும் ஒலி வெறுப்புப் பிரிவு மட்டும் மதிப்பெண் கூடி மோசமாகியிருப்பதால், கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

1995இல் ராபின் காக்ஸும் ஜெனிவீவ் அலெக்சாண்டரும் வெளியிட்ட இந்த வினாத்தாளில் பிரிவுக்கு 6 வீதம் 24 கூற்றுகள் உள்ளன. கருவி இல்லாதபோதும் அணிந்தபோதும் எவ்வளவு அடிக்கடி சிரமம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பயன். பல ஆண்டுகளாக மந்தமாக இருந்த காதில் பாத்திரம் விழும் ஓசையும் பேருந்தின் ஹாரனும் திடீரென வந்து விழும்போது, ஒலி வெறுப்புப் பிரிவு சற்று மோசமாவது மிகவும் இயல்பு. தாங்க முடியாத அளவுக்கு என்றால், உச்ச ஒலி அளவைக் குறைத்துத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. படிவத்தை நீங்களே நிரப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கூற்றுகளை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டலாம். விடை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். மேலும், சில கூற்றுகள் 'புரிகிறது' என்றும் சில 'சிரமமாக இருக்கிறது' என்றும் மாறி மாறி வருவதால், வரிசையாக 'எப்போதும்' என்றே குறித்துக்கொண்டு போனால் கணக்கு தவறிவிடும்.

அடுத்த முறை, ஆஸ்திரேலியாவில் உருவான கோசி முறையையும் கேட்டுப் பாருங்கள். 'பேத்தி தொலைபேசியில் பேசுவது புரிய வேண்டும்' என்பது போல 5 தேவைகள் வரை அவரே சொல்ல, சில வாரங்கள் கழித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாற்றம் என்று அவரிடமே கேட்டுக் குறிப்பார்கள்.