கிரிக்கெட் தெரியாத அம்மாவுக்கும் சேர்த்து ஒரு படம்

அப்பா கிரிக்கெட் பைத்தியம், அம்மாவுக்கு விதிகூடத் தெரியாது, இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்கிறீர்கள். யோசிக்காமல் 2024இல் வந்த 'லப்பர் பந்து' போடுங்கள். அதில் பந்தைவிட ஈகோதான் வேகமாக ஓடுகிறது. நாயகன் பெயர் அன்பு, பந்துவீச்சாளன். அவன் வீழ்த்தத் துடிக்கும் பேட்ஸ்மேன் பெயர் கெத்து; அன்பு காதலிக்கும் பெண்ணின் அப்பாவே அவர்தான். அது தெரிந்தபிறகு ஒவ்வொரு ஓவரும் குடும்பச் சண்டைதான். எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அணிக்குள் நுழையவிடாத சாதியையும் படம் பிரசங்கம் செய்யாமல் காட்டுகிறது.

கணவரின் கிரிக்கெட்டைக் கண்டாலே கடுப்பாகும் கெத்துவின் மனைவி, நடிகை சுவாசிகாவின் பாத்திரம், உங்கள் அம்மாவின் கட்சி. அப்பா பக்கத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை! குத்துச்சண்டைப் படமான 'சார்பட்டா பரம்பரை'யும் அருமைதான், ஆனால் கிட்டத்தட்ட 3 மணி நேரம். அதை இன்னொரு ஞாயிறுக்கு வையுங்கள்.