இருபதா, முப்பத்தைந்தா? கரண்டு வைப்பதில் ஒரு நாள்கணக்கு

கேள்வி: எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கம். அப்பாவுக்கு 62 வயது. நாலு மாதமாகத் தொண்டை கம்மியே இருந்தது. பரிசோதனையில் குரல்வளைப் புற்று, மூன்றாம் நிலை என்றார்கள். திருநெல்வேலியில் 35 தடவை கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டுமாம், கூடவே ஊசி மருந்தும் உண்டாம். அங்கேயே ஓர் ஆராய்ச்சியும் நடக்கிறது. அதில் சேர்ந்தால் குலுக்கலில் விழுவதைப் பொறுத்து 20 தடவையோடு முடியலாம், 35 தடவையும் வரலாம் என்கிறார்கள். அப்பாவை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று அம்மாவுக்குப் பயம். குறைத்து வைத்தால் நோய் போகுமா? இன்னொன்று, நடுவில் ஆடி அமாவாசை வருகிறது. வருஷம் தவறாமல் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவோம். நாலு நாள் விட்டுவிட்டுப் பிறகு தொடரலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

நாலு நாள் விடக் கூடாது. ஒரு நாள்கூட வேண்டாம்.

சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கரண்டு வைக்க ஆரம்பித்துச் சுமார் நாலு வாரம் ஆனதும், சாகாமல் மிச்சம் இருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். 1988இல் விதர்ஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் பழைய சிகிச்சை விவரங்களை அலசி இதை எழுதினார்கள். நாலு வாரத்துக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும், அந்த வளர்ச்சியைச் சமாளிக்க மட்டுமே ஏறக்குறைய 0.6 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு செலவாகிறது என்பது அவர்கள் கணக்கு. 35 தடவை முறையில் ஒரு சிட்டிங்கில், அதாவது ஒரு தடவையில், கொடுப்பதே 2 கிரேதான். நீங்கள் நாலு நாள் குடிலில் இருந்தால் அப்பா வாங்கிய ஒரு சிட்டிங்குக்கும் மேலேயே வீணாகிவிடும். ஆனிக் கடைசியில் ஆரம்பித்தால் அமாவாசை சரியாக அந்த நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான் வந்து விழும்.

சனி, ஞாயிறு மட்டும் விடுகிறார்களே என்று கேட்பீர்கள். அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்த்துத்தான் திட்டமே போட்டிருக்கிறது. மெஷின் பழுதாகி ஒரு நாள் போனால்கூட, சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஒரே நாளில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு சிட்டிங் கொடுத்தோ ஈடுகட்டப் பார்ப்போம். மொத்த நாள்கணக்கு இரண்டு நாளுக்கு மேல் நீளவே கூடாத நோய்கள் என்று பிரிட்டனில் கதிரியக்க மருத்துவர்களின் ராயல் கல்லூரி வைத்திருக்கும் முதல் வகையில் உங்கள் அப்பாவுடைய நோயும் அடக்கம்.

பாதியில் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது வாரம்தான் ஆபத்து. குரல் கொஞ்சம் தெளியும், 'சரியாப் போச்சு' என்று கோயில் கொடைக்கு ஊருக்குப் போவார்கள். பத்து நாள் கழித்துக் கரகரத்த குரலோடு திரும்பி வருவார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் போய் வாருங்கள். அப்பா இந்த ஆடிக்கு வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடட்டும்.

இனி இருபதா, முப்பத்தைந்தா என்பது.

கரண்டைத் தவணையாக வைக்கும் வழக்கம் வந்ததே ஒரு செம்மறிக் கிடாயால்தான். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக, பிரான்சில் ரெகோ என்பவர் கிடாயின் விதைக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். மொத்தமாக ஒரே தடவையில் கொடுத்தால் மேல்தோல் வெந்தது. பிரித்துப் பிரித்துக் கொடுத்தபோது தோல் தப்பியது, விதை மட்டும் மலடானது. அவரோடு பாரிசில் வேலை பார்த்த கூட்டார் என்ற மருத்துவர் இதே வழியில் குரல்வளைப் புற்று நோயாளிகளுக்கு வைத்தார். 1922இல், குணமான நோயாளிகளின் விவரத்தோடு மருத்துவர் மாநாட்டில் நின்றார். ஆக, உங்கள் அப்பாவின் நோயில்தான் இந்தத் தவணை முறை தன்னை நிரூபித்தது.

எத்தனை தவணை என்பதில் மட்டும் அன்றிலிருந்தே ஊருக்கு ஒரு வழக்கம். மான்செஸ்டரில் மூன்று, நாலு வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். மற்ற பல இடங்களில் ஆறு, ஏழு வாரம். இன்று பரவலாக இருக்கும் முறை 35 தவணையில் 70 கிரே. குறுகிய முறையில் 20 தவணையில் 55 கிரே, அதாவது ஒவ்வொன்றும் 2.75 கிரே. மொத்தம் குறைவாகத் தெரிந்தாலும் அடி குறைவில்லை. ஒவ்வொரு தவணையும் பலமானது, புற்றணு விழித்துக்கொண்டு வேகமெடுப்பதற்குள் சிகிச்சையும் முடிந்துவிடுகிறது. இதன் மறுபக்கம், தவணை பெரிதானால் குருத்தெலும்பு, விழுங்கும் தசை போன்றவை வருஷம் கழித்து இறுகவும் கெடவும் வாய்ப்பு கூடுமோ என்ற கவலை. ஆராய்ச்சி வேண்டியிருப்பது அதனால்தான்.

நாள் குறைந்தால் பலன் கூடும் என்பதற்குப் பலமான சாட்சி டென்மார்க்கில் கிடைத்தது. 1485 நோயாளிகள். எல்லோருக்கும் அதே அளவு, அதே எண்ணிக்கைச் சிட்டிங். ஒரு பாதிப் பேருக்கு வாரம் ஐந்து, மறு பாதிக்கு வாரம் ஆறு. மொத்தத்தில் ஒரு வாரம்தான் மிச்சம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், நோய் அதே இடத்தில் திரும்பாமல் இருந்தவர்கள் வாரம் ஐந்து முறையில் 60 சதவீதம், ஆறில் 70 சதவீதம். 2003இல் இது வெளியானது. வசதி குறைந்த நாடுகளிலும் இதே பலன் வருமா என்று சர்வதேச அணுசக்தி முகமை 900க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. 2010இல் வந்த முடிவு: வாரம் ஐந்தில் 30 சதவீதம், ஆறில் 42 சதவீதம். மருந்து கூடவில்லை, புது மெஷினும் இல்லை. காலண்டரை மட்டும் கொஞ்சம் சுருக்கினார்கள்.

அதே முகமை அடுத்து 20 தவணையை எடுத்துக்கொண்டது. பத்து நாடுகளில் 700க்கும் மேற்பட்டவர்கள். நாலு வாரத்தில் 20 தவணை ஒரு பக்கம், வாரம் ஆறு வீதம் 33 தவணை மறுபக்கம். 2023இல் முடிவைச் சொன்னார்கள்: நோயை அடக்குவதில் 20 தவணை பின்தங்கவில்லை, நாள்பட்ட பக்கவிளைவும் அதிகமாகவில்லை. எனவே 'குறைத்து வைத்தால் நோய் போகுமா' என்ற பயத்தை விடலாம். 20 என்பது யாரோ சிக்கனத்துக்காக வெட்டியது அல்ல.

அப்படியானால் ஏன் இன்னும் குலுக்கல்? ஊசி மருந்துதான் காரணம் என்பது என் எண்ணம். சிஸ்பிளாட்டின் என்ற அந்த மருந்தைக் கரண்டோடு சேர்த்தால், நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுதலாக ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். பெரிய பெரிய தவணையோடு அதையும் முழு அளவில் சேர்த்தால் தொண்டை தாங்குமா என்பது ஒவ்வோர் ஊரிலும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். நீங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: "20 தவணைப் பிரிவில் விழுந்தாலும் அப்பாவுக்கு ஊசி உண்டா? என்ன அளவு?" ஊசி இல்லை என்றால், அதற்கான காரணம் உங்களுக்குப் புரியும்வரை கையெழுத்து வேண்டாம். அவருக்குக் காது, சிறுநீரகம் சரியில்லை என்றால் அந்தக் காரணம் நியாயமானது. டோசிடாக்செல் போன்ற மாற்று மருந்தும் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்கு அது உதவும் என்று மும்பை டாடா மெமோரியலில் செய்த ஆய்விலேயே தெரிந்தது.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். குலுக்கல் என்ற சொல்தான் அவர்களைக் கலக்கியிருக்கும். இரண்டு முறையில் எது மேல் என்று தெரிந்திருந்தால் குலுக்க அனுமதியே கிடைக்காது. மருத்துவர் தானே ஆள் பார்த்துப் பிரித்தால், திடமானவர்களைத் தனக்குப் பிடித்த பக்கம் தள்ளிவிடுவார். அதைத் தடுக்கத்தான் சீட்டு. இந்தியாவில் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி சத்தமாக வாசியுங்கள். கையெழுத்து போட வேண்டியவர் அப்பா, நீங்கள் அல்ல. அவர் வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் எந்த நாளும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. கூடுதல் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு யார் பணம் தருவார்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும். ஆராய்ச்சிக்கென்று எடுக்கும் சோதனையை அதன் தலையில் கட்டக் கூடாது.

என் தகப்பனாராக இருந்தால்? ஊசி விஷயம் தெளிவானால் சேர்த்திருப்பேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை ரயிலிலோ பஸ்ஸிலோ தினமும் வந்துபோகிறவருக்கு 35 நாளைவிட 20 நாள் தவறாமல் வருவது சுலபம் என்பதும் என் மனதில் ஓடும். ஆனால் 20இல் ஒன்று தவறினால் 35இல் ஒன்று தவறுவதைவிடப் பெரிய ஓட்டை, அதையும் மறக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா பீடி பிடிப்பாரா? குரல்வளைப் புற்று என்றதும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற சீமை நம்முடையது, கைக்கு எட்டும் தூரத்தில் கட்டு இருக்கும். 'குறைத்துவிட்டார்' என்பது போதாது. கனடாவில் 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கரண்டு வைக்கும்போது புகைத்தவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். புகைக்காதவர்களில் 66 சதவீதம். கதிர்வீச்சு வேலை செய்யப் புற்றணுவுக்குள் ஆக்சிஜன் வேண்டும். புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வராது.

சொத்தைப் பல்லை இப்போதே பிடுங்கிவிட்டு, ஈறு ஆறப் பத்துப் பதினைந்து நாள் விட்டு ஆரம்பிக்கட்டும். கழுத்தில் சந்தனம், தைலம் எதுவும் பூச வேண்டாம், திருநீறு நெற்றியோடு நிற்கட்டும். பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம், வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது.

சாப்பாடுதான் பெரிய பாடு. மூன்றாவது வாரத்திலிருந்து உமிழ்நீர் விழுங்குவதே முள் விழுங்குவது மாதிரி இருக்கும். எடை இறங்கினால், தலை அசையாமல் பிடிக்க முகத்துக்குச் செய்த மாஸ்க் தளர்ந்து, கதிர் படும் இடமே விலகிவிடும். அதனால் வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். உளுந்தங்கஞ்சியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும், மிளகாயும் இஞ்சியும் இல்லாத சொதியில் குழைத்த சோறு, ஆறிய பால், முட்டை. நம் ஊர்ச் சமையலிலேயே இதற்கு வேண்டியது இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். ஆனாலும் வாயால் கொஞ்சமாவது விழுங்கிக்கொண்டே இருக்கட்டும், சும்மா விட்டால் அந்தத் தசைக்கு விழுங்குவதே மறந்துபோகும்.

கடைசி சிட்டிங் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் கூடும், அப்புறம்தான் இறங்கும். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதென்று பதற வேண்டாம். பலன் பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான். முன்கூட்டியே எடுக்கச் சொல்லி மருத்துவரை நச்சரிக்காதீர்கள். வெந்த சதையும் மிஞ்சிய நோயும் அதில் ஒன்றுபோலத்தான் ஒளிரும்.