திருவிழாக் கூட்டமும் நம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பங்கின் இளையோர் குழுவைச் சேர்ந்த 32 பேர் இந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்கிறார்கள். 14 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்கள். பன்னிரண்டு பேர் பெண் பிள்ளைகள். செப்டம்பர் 6 அன்று வேனில் புறப்பட்டு, 7 மாலை பெரிய தேர்பவனியிலும் 8 காலைத் திருப்பலியிலும் பங்கேற்றுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பங்குத்தந்தை என்னைப் பொறுப்பாளராக நியமித்திருக்கிறார். என் தாயாரின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் மணற்பாதையை முழங்காலிட்டுக் கடப்பதாக நானும் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே என் நேர்த்திக்கடனையும் எப்படி நிறைவேற்றுவது? (27 வயது வாசகர், திருச்சி மாவட்டம்)

பதில்: தம்பி, இரண்டையும் ஒரே பயணத்தில் செய்ய முயலாதீர்கள். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையிலுள்ள அந்த மணற்பாதையில் முழங்காலிட்டுச் செல்பவரின் கண்கள் மணலிலும் மனம் வேண்டுதலிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் 32 பிள்ளைகள் யாருடைய கண்ணில் இருப்பார்கள்? வேளாங்கண்ணி ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தலம். அக்டோபரில் தாயாரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்க் கடனைச் செலுத்துங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரையிலான நாட்களில் இளையோரை அழைத்துச் செல்பவர், திருப்பலியில் பாதியைக் கேட்காமலும் தேரைச் சரியாகப் பார்க்காமலும் திரும்பி வருவார் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. எனக்குப் பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன. தேரின் பின்புறம் எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் தெளிவாகச் சொல்வேன்.

பிள்ளையைத் தொலைத்த கதை நற்செய்தியிலேயே இருக்கிறது. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பும்போது, பன்னிரண்டு வயது இயேசு உடன்வரும் கூட்டத்தில்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் முழுவதையும் நடந்துவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மூன்று நாட்களுக்குப் பிறகுதான் கோவிலில் கண்டார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். உறவினரும் அறிமுகமானவருமாக இத்தனை பேர் இருக்கையில் யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியவர்கள். நம் குழுக்களிலும் பிள்ளை தவறுவது பெரும்பாலும் அந்த நம்பிக்கையால்தான். ஆகையால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பெயர் குறித்து எழுதிவிடுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று நால்வர் வேண்டும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். ஐந்தாவதாக, எந்தக் குழுவும் ஒப்படைக்கப்படாத ஒருவரும் தேவை. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால் மருத்துவமனைக்கு உடன் செல்ல அவர்தான் இருப்பார். மற்ற நால்வரும் தத்தம் பிள்ளைகளை விட்டு நகரக் கூடாது. இந்த ஐந்தாமவர் வீண் செலவு என்று பங்குப்பேரவையில் யாராவது சொல்லக்கூடும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கை எடுக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் 24 பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். எல்லோருக்கும் ஒரே காவி நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்திருந்தோம். இரவு வேன் அருகே தலைகளை எண்ணினேன். சரியாக 24 இருந்தன. வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான், கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த பையன் வேறொரு பங்கைச் சேர்ந்தவன் என்பதும், அதே காவிச் சட்டையைப் பார்த்துத் தன் வண்டி என்று நினைத்து ஏறிவிட்டான் என்பதும் தெரிந்தன. எங்கள் பையன் ஒருவன் அந்நேரம் கடைத்தெருவில் பொரி வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். ஒரே தவறில் இரண்டு பிள்ளைகளைத் தொலைக்கப் பார்த்தேன். அன்றிலிருந்து தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, அவரவரே தம் எண்ணை உரக்கச் சொல்லும்படி செய்கிறேன். “யாராவது வரவில்லையா?” என்று கேட்பதைப் போலப் பயனற்ற கேள்வி வேறில்லை, வராதவர் பதில் சொல்லப்போவதில்லை. விடுதியை விட்டுப் புறப்படும்போதும், பேராலய வளாகத்துக்குள் நுழையும் முன்பும், தேர்பவனி முடிந்த உடனும், படுக்கும் முன்பும் எண் சொல்லும் வழக்கம் தவறாமல் நடக்கட்டும்.

பிள்ளைகளை மும்மூவராகச் சேர்த்துவிடுங்கள்; மீதமிருக்கும் இருவரை ஏதேனும் இரண்டு மூவரணிகளோடு இணைத்துக்கொள்ளலாம். இருவர் இருவராகப் பிரித்தால் ஒருவர் தவறியதும் மற்றவர் தனியாகிவிடுகிறார். மூவராக இருந்தால் எஞ்சிய இருவரும் சேர்ந்து பெரியவரைத் தேடி வரலாம்.

தவறிப்போனவர் எங்கே வர வேண்டும் என்பதையும் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். “கோயில் வாசலுக்கு வந்துவிடு” என்று சொல்லிவைக்காத குழு அங்கு கிடையாது; ஆகவே அந்த வாசலில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்துக்கு வெளியே, இரவிலும் விளக்கெரிகின்ற, எளிதில் அடையாளம் தெரிகின்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தங்கும் விடுதியின் வாசலே பெரும்பாலும் போதும். போய்ச் சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, பேராலயத்திலிருந்து அந்த இடத்துக்கு எல்லோரையும் ஒருமுறை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். வழி தெரியாதவர்கள் அருகிலுள்ள காவலரிடமோ காவல்துறை உதவி மையத்திலோ நின்றுவிட வேண்டும். பெரிய கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு திணறும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு என்பதைச் சொல்லிவையுங்கள். உங்கள் எண்ணையும் விடுதியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைத்துவிடுங்கள். தம் தந்தையின் கைப்பேசி எண்ணையே மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள்தாம் இன்று அதிகம்.

தேர்பவனியின்போது கூட்டத்தின் நடுவிலும், தடுப்புக் கட்டைகளுக்கு எதிரிலும், பாதை குறுகும் இடத்திலும் நிற்காதீர்கள். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்சுவிட முடியாமல் போவதால்தான். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நிற்கத் தொடங்கினால் நாம் நினைத்த பக்கம் நகர முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போவோம். நான்கு புறமும் பிறருடைய உடல் பட ஆரம்பித்த உடனேயே வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அகப்பட்டுக்கொண்டால் இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல், ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகர வேண்டும். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியக் கூடாது.

கடலைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. பேராலயத்திலிருந்து கடைத்தெரு வழியே நடந்தால் சில நிமிடங்களில் கடற்கரை. உள்மாவட்டப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது கால் நனைத்து விளையாடும் இடம். நீச்சல் தெரிந்தாலும் அது கிணற்று நீச்சல். உடுத்திய துணியோடு கைகோத்து இறங்குவார்கள். இழுக்கும் அலையில் கோத்த கை காப்பாற்றாது, அடுத்தவரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இதே கரையில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். அவர்களில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலர். அந்தப் பேரலை வந்தது ஒருமுறைதான். இழுக்கும் அலையோ அங்கே அன்றாடம் இருக்கிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது, பெரியவர் இருவர் கரையில் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது, இருட்டிய பின் கடற்கரையே கூடாது என்று வேனில் ஏறும் முன்பே பெற்றோரின் எதிரில் சொல்லிவிடுங்கள். காவல்துறை தடை விதித்திருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த விதியை மீறுபவரின் வீட்டுக்கு அன்றே தகவல் போகும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னபடி செய்துவிட்டால் மறுமுறை தேவைப்படாது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நிறைய எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பங்கு இளையோரோடு திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அழைத்துச் செல்பவர் ஆலயத்தில் எல்லோருக்கும் நன்கு தெரிந்தவர், மறைக்கல்வி ஆசிரியரும்கூட. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. சந்தேகப்படுவது பாவம் என்கிறார் என் கணவர். (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: கேள்வி கேட்பது சந்தேகப்படுவதாகாது, அம்மா. பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வுகளில் தீங்கிழைத்தவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர் அல்லர், குடும்பத்துக்கு நன்கு தெரிந்தவர்தான். எனவே ‘தெரிந்தவர்’ என்பதை மட்டும் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. நல்ல பொறுப்பாளர் அவ்வாறு கொள்ளும்படி உங்களிடம் கேட்கவும் மாட்டார். பெண் பிள்ளைகளின் அறையருகே தங்கும் பெண் யார், அவருடைய எண் என்ன, பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையிலோ தனி வண்டியிலோ இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா, நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமானால் துணைக்கு வருபவர் யார் என்றெல்லாம் கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் அனுப்புங்கள். “எங்களை நம்ப மாட்டீர்களா?” என்ற கேள்வியே பதிலாக வந்தால் இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம்.

மகளிடமும் பேசுங்கள். தொடுகையோ பேச்சோ மனத்துக்குச் சங்கடமாக இருந்தால், அது யாராக இருந்தாலும், குருவாகவே இருந்தாலும், உடனே உங்களை அழைக்கலாம், வீட்டில் திட்டு விழாது என்று அவளுக்கு உறுதி கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிக்கொடுங்கள்.

பொறுப்பாளர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிந்தாலோ, நேரக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். பங்கின் பெயர் கெடும் என்று பேசித் தீர்த்துவைக்க முற்படுபவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் பிள்ளையின் பெயரும் அடையாளமும் வெளியே போகாமல் காப்பதும் உங்கள் கடமைதான்.

கேள்வி: இரண்டு நாட்களும் பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடலாமா? பக்தியோடு இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். குழுவில் ஒரு பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவதாகவும் கேள்விப்படுகிறேன். (இளையோர் வழிகாட்டி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: திருப்பலி, செபவழிபாட்டு நேரங்களில் வாங்கி வையுங்கள். கூட்டத்துக்குள் போகும்போது கட்டாயம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவறிப்போன பிள்ளையின் கைப்பேசி உங்கள் பைக்குள் ஒலித்து என்ன பயன்? இரவு பத்து மணிக்கு மேல் சார்ஜ் ஏற்றும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் எடுத்துக்கொண்டால், பறித்துக்கொண்டார்கள் என்ற மனக்குறையும் வராது, காலையில் எல்லாக் கருவிகளும் உயிரோடிருக்கும்.

அந்த இருவரையும் எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்காதீர்கள். வதந்தியை ஜெபக் கருத்தாக அறிவிக்கும் வழக்கம் நம் குழுக்களில் உண்டு. அதைவிடப் பெரிய அவமானம் ஒரு பிள்ளைக்கு இல்லை. இருவரையும் வெவ்வேறு மூவரணியில் போடுங்கள்; தனியே பிரிந்து போகக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் இருப்பதால் அவர்களுக்கென்று தனி விதி தேவைப்படாது. பெண் பிள்ளையோடு பேச வேண்டுமானால் குழுவிலுள்ள பெண் பொறுப்பாளர், பிறர் கண்ணில் படும் இடத்தில், குரலைத் தாழ்த்திப் பேசட்டும்.

திரும்பும் வழியில் வேன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும். பிள்ளைகள் களைப்பில் உறங்கிக்கொண்டிருப்பார்கள், பெரியவர்களுக்கும் கண் சொருகும், எண் சொல்லும் வழக்கம் அங்கேதான் விட்டுப்போகும். தேநீர்க் கடையில் இறங்கிய ஒருவரை விட்டுவிட்டு வந்த குழுக்களை எனக்குத் தெரியும். கடைசிப் பிள்ளையை அதன் பெற்றோரிடம் ஒப்படைத்து, பட்டியலில் அவர்களிடம் கையொப்பம் வாங்கும் வரை அந்தத் தாள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.